பொன்னம்பலத்துக்குள் பாலம் இருக்கிறதா?

தம்பி, உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். உங்கள் குடும்பப் பெயர் பொன்னம்பலம். அடையாள அட்டையில் அது பி, ஓ, என், ஏ என்று தொடங்கி பி, ஏ, எல், யு, எம் என்று முடிகிறது (PONAMBALUM). வேலை பார்க்கும் இடத்தில் ஒருவர், நம் மொரிஷியஸ் கிரியோலில் 'போன்' என்றால் பாலம், ஆகவே உங்கள் பெயர் பாலத்திலிருந்து வந்தது என்றார். தமிழ் வகுப்புக்குப் போகும் இன்னொரு நண்பர், பெயரின் வால் பகுதியும் தமிழில் 'பாலம்' போலத்தானே இருக்கிறது என்றார். இதைக் கேட்டு உங்கள் ஆயா, ஃப்ளாக் பக்கம் நம் பழைய வீடு ஒரு பாலத்தை ஒட்டித்தான் இருந்தது என்றார்கள். மூன்றும் சேர்ந்ததும் உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்களுக்கு துயுபோன் இருப்பது போல நமக்கும் பாலத்திலிருந்து வந்த பெயர்கள் உண்டா, எங்கள் பெயர் அதில் ஒன்றா என்று கேட்கிறீர்கள். கேள்வியின் அடியில், நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்ற கேள்வியும் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் மொழியியல் படித்தவன். மொரிஷியஸில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பழைய பதிவுகளைத் தூக்கிக்கொண்டு வந்து, இதில் எங்கள் தாத்தா பெயர் எது என்று கேட்பவர்களுக்குப் படித்துக் கொடுப்பது என் வழக்கம். அந்தப் பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன்: உங்கள் பெயரில் பாலம் இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அது பொன் சேர்ந்த அம்பலம், சிதம்பரத்தின் பொன்னம்பலம்.

ஏன் இவ்வளவு உறுதி என்று கேட்பீர்கள். முதலில் 'போன்' என்பதைப் பார்ப்போம். பிரெஞ்சில் பாலத்துக்கான சொல்லின் கடைசியில் ஒரு டி உண்டு. வாயில் அது வராது, எழுத்தில் கட்டாயம் வரும். துயுபோனிலும் அந்த டி இருக்கிறது, நம் ஊர்ப் பலகைகளில் உள்ள போன் லார்டியேயிலும் இருக்கிறது. டி இல்லாமல் மூன்றே எழுத்தில் எழுதுவது இன்றைய கிரியோல் எழுத்துமுறை. கிரியோல் பள்ளிக்கூடத்துக்குள் பாடமாக வந்ததே 2012-இல்தான். உங்கள் முன்னோர் பெயரைப் பதிவேட்டில் எழுதிய பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தருக்குத் தெரிந்தது ஆங்கிலமும் பிரெஞ்சும். அவர் மனதில் பாலம் இருந்திருந்தால் அந்த டி-யை விட்டிருக்கவே மாட்டார். அவர் காதில் விழுந்தது 'பொன்'. விழுந்ததை அப்படியே எழுதினார்.

இனி வால் பகுதி. 'பாலம்' என்ற சொல்லில் முதல் எழுத்து நெடில். 'அம்பலம்' என்பதில் எல்லாமே குறில். ரோமன் எழுத்தில் அ-வுக்கும் ஆ-வுக்கும் வேறுபாடு தெரியாது. போதாததற்கு நாம் இங்கே பெயர்களைப் பிரெஞ்சுக் கண்ணால் படிக்கிறோம். பிரெஞ்சில் ஏ என்ற எழுத்தைக் கண்டால் வாய் 'ஆ' பக்கம்தான் போகும். அதனால் பொன்னம்பலம் இங்கே 'பொனாம்பாலோம்' ஆகிவிடுகிறது. உங்கள் நண்பர் கேட்ட 'பாலம்' இந்த வாசிப்பில் பிறந்த பாலம். பெயருக்குள் அது எப்போதும் இருந்ததில்லை. இன்னொரு தடயமும் இருக்கிறது. உங்கள் பெயரில் எம்-முக்கு அடுத்து வருவது பி (B) என்ற எழுத்து, அதாவது அதிர்ந்து ஒலிக்கும் ப. 'பாலம்' என்று தொடங்கும் ப அப்படி ஒலிக்காது. தமிழில் மகரத்தை அடுத்து வரும் பகரம் அப்படித்தான் ஒலிக்கும்: அம்பு, கம்பு, தம்பி, அம்பலம். எழுத்தர் நன்றாகக் காது கொடுத்துக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறார்.

கடைசியில் உள்ள யு, எம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத் தெரிந்துகொண்டால் இந்தத் தீவின் பாதித் தமிழ்ப் பெயர்களை நீங்களே படித்துவிடலாம். அந்தக் கால ஆங்கில வழக்கில் நம் குறில் அகரத்தை யு போட்டு எழுதுவார்கள். பஞ்சாபை இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆகவே தமிழில் 'அம்' என்று முடியும் பெயர்கள் இங்கே யு, எம் என்று முடியும். அருணாசலம், ஆறுமுகம், வைத்திலிங்கம், சொக்கலிங்கம், திருவேங்கடம் எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. 'அன்' என்று முடியும் பெயர்கள் ஈ, என் என்று முடியும்: சின்னப்பன், சுப்பிரமணியன், ராமன். முத்து போன்ற பெயர்களின் உகரம் சிலர் கையில் ஓ, யு ஆனது, சிலர் கையில் இரட்டை ஓ ஆனது. ஒரே தாத்தாவின் இரண்டு பிள்ளைகள் வீட்டில் இரண்டு விதமாக எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அது குடும்பச் சண்டையால் வந்ததல்ல, இரண்டு எழுத்தர்களால் வந்தது.

சரி, அம்பலம் என்றால் என்ன? ஊர் கூடும் பொது இடம், மன்று, சபை. சிதம்பரத்தில் நடராசர் ஆடும் இடத்துக்கு அதுதான் பெயர். முதலாம் பராந்தக சோழன் பத்தாம் நூற்றாண்டில் அதற்குப் பொன் வேய்ந்ததால் அவனைப் 'பொன் வேய்ந்த சோழன்' என்றே சொல்வார்கள். கோயிலில் தேவாரம் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் 'திருச்சிற்றம்பலம்' என்கிறோமே, அந்த அம்பலம்தான் உங்கள் பெயரில் இருப்பது. சபாபதி, கனகசபை, நடராசன், சிதம்பரம் என்று இங்கே இருக்கும் பெயர்களெல்லாம் உங்கள் பெயருக்கு ஒரு வகையில் அண்ணன் தம்பிகள். கனகசபை உங்கள் பெயரின் நேர் வடமொழி வடிவம். கனகம் என்றால் பொன், சபை என்றால் அம்பலம்.

உங்கள் அலுவலக நண்பரைக் குறை சொல்ல மாட்டேன். பல வருடங்களுக்கு முன் என் வகுப்பில், புதிதாக எழுத்துப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பலகையில் 'பொன்' என்று எழுதி, படித்துவிட்டுப் படம் வரையுங்கள் என்றேன். ஒரு பெண் வளையல் வரைந்தாள். பின் வரிசையில் ஏழு வயதுப் பையன் ஒருவன் நீலப் பென்சிலால் ஆறு வரைந்து, அதன் மேல் வளைவாக ஒரு பாலம் வரைந்து, பாலத்தின் மேல் ஒரு பஸ்ஸையும் நிறுத்தியிருந்தான். எழுத்துக் கூட்டிச் சரியாகத்தான் படித்திருக்கிறான். வீட்டில் பேசும் மொழியில் அந்த ஒலிக்கு உள்ள பொருளை வரைந்திருக்கிறான். நான் அந்தப் படத்துக்கு முழு மதிப்பெண் போட்டு, பக்கத்தில் ஒரு வளையலையும் வரைந்து கொடுத்தேன். இரண்டு மொழிகளுக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு ஒரே ஒலியில் இரண்டு படம் தெரிவது இயல்பு. பெயரின் வரலாற்றைத் தேடும்போது மட்டும், அந்தப் பெயரை முதலில் சொன்ன வாய் எந்த மொழி பேசியது என்று கேட்டுவிட்டுத்தான் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பாலப் பெயர்கள் என்ற உங்கள் இரண்டாவது கேள்வி உண்மையிலேயே சுவையானது. ஐரோப்பாவில் குடும்பப் பெயர்கள் நிலைத்தது பெரும்பாலும் பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து பதினைந்தாம் நூற்றாண்டு வரை. ஒரே ஊரில் நாலு ழான் இருந்தால், பாலத்தடி ழான், ஆலையடி ழான், காட்டோர ழான் என்று பிரித்துச் சொன்னார்கள். பாலத்தடி ழானின் பிள்ளைகள் துயுபோன் ஆனார்கள். இங்கிலாந்தில் பிரிட்ஜஸ், பிரிட்ஜர். ஜெர்மன் பேசுவோரிடம் புரூக்னர். டச்சுக்காரரிடம் வெர்புருக்கே, வான் புருக்கன். இத்தாலியில் தா போன்தே. ஸ்பெயினில் புவென்தே. பாஸ்க் மொழியில் பாலம் 'சுபி'. சுபிசர்ரேத்தா என்றால் பழைய பாலம். ஜப்பானில் 'ஹாஷி': தகாஹாஷி உயர்ந்த பாலம், இஷிபாஷி கல் பாலம். இஷிபாஷி என்ற குடும்பத்தைச் சேர்ந்தவர் 1931-இல் டயர் கம்பெனி தொடங்கியபோது தன் பெயரை ஆங்கிலத்தில் பெயர்த்து முன்பின்னாக மாற்றிப் போட்டார். அதுதான் பிரிட்ஜ்ஸ்டோன். உங்கள் வண்டிச் சக்கரத்தில் ஒரு ஜப்பானியக் குடும்பப் பெயர் மொழிபெயர்ந்து உட்கார்ந்திருக்கலாம்.

துயுபோன் என்ற பெயருக்கு நம் தீவோடும் ஒரு தொடர்பு உண்டு. பாம்ப்ளமூஸ் தோட்டத்தை வளர்த்த பியேர் புவாவ்ரைத் தெரியும் அல்லவா? பெயரிலேயே மிளகு உள்ளவர், கிராம்பும் சாதிக்காயும் இங்கே கொண்டுவரப் பாடுபட்டவர். அவர் 1786-இல் பிரான்சில் இறந்தார். அவருடைய மனைவி 1795-இல் மறுமணம் செய்துகொண்டவர் பியேர் சாமுவேல் துயு போன். அந்தத் துயு போனின் மகன் அமெரிக்கா போய் 1802-இல் வெடிமருந்து ஆலை தொடங்கினார். அதுதான் பின்னாளில் பெரிய இரசாயனக் கம்பெனியான டுபான்ட். மிளகின் மனைவி பாலத்தின் வீட்டுக்குப் போனார் என்று என் மாணவர்களிடம் சொல்வதுண்டு. பெயர்ச்சொற்களை அதன் பிறகு அவர்கள் மறப்பதில்லை.

ஊர்ப் பெயர்கள் இன்னும் தாராளம். கேம்பிரிட்ஜோடு சேர்ந்து இங்கே நடக்கும் எச்.எஸ்.சி. தேர்வை எழுதியவர்கள் எல்லோருக்கும் அந்த ஊர்ப் பெயர் தெரியும். கேம் ஆற்றின் மேல் பாலம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். உண்மையில் கதை தலைகீழ். ஆற்றின் பழைய பெயர் கிரான்டா. ஊர்ப் பெயரான கிரான்டபிரிட்ஜ் காலப்போக்கில் திரிந்து கேம்பிரிட்ஜ் ஆனது. பிறகு ஊரைப் பார்த்து ஆற்றுக்குக் கேம் என்று பெயர் வைத்தார்கள். பாரிஸுக்கு அருகே உள்ள போன்துவாஸ், ரோமர் காலத்தில் பிரிவா இசாரே. அங்கே முன்பு பேசிய கோல் மொழியில் பிரிவா என்றால் பாலம், இசாரா என்பது அந்த ஆற்றின் பெயர். மொழி மாறியபோது ஊர்க்காரர்கள் பெயரையும் அப்படியே பெயர்த்துக்கொண்டார்கள். அரபியில் பாலம் 'கந்தரா'. சூயஸ் கால்வாயை ஒட்டிய எல் கந்தராவும், ரோமர் கட்டிய பாலம் நிற்கும் ஸ்பெயின் நாட்டு அல்காந்தராவும் அதில் பிறந்தவை. போஸ்னியாவின் மோஸ்தார், பாலம் காத்தவர்களின் ஊர். அங்கே 1566-இல் கட்டிய கல் பாலம் 1993-இல் போரில் தகர்ந்து, 2004-இல் மறுபடி எழுந்தது. பாலமே இல்லாத அந்த நடு ஆண்டுகளிலும் ஊரின் பெயர் பாலத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. பர்மாவில் மாண்டலே விமான நிலையம் இருக்கும் ஊர் ததா ஊ. பாலத்தின் தலைப்பு என்று பொருள்.

இதில் ஒரு எச்சரிக்கை. தென்னாப்பிரிக்காவில் சொந்தக்காரர்கள் இருந்தால் லிம்போபோ ஆற்றங்கரையில் போட்ஸ்வானா எல்லையில் போன்ட்டிரிஃப்ட் என்ற ஊரைக் கேள்விப்பட்டிருக்கலாம். அதில் உள்ள 'போன்ட்' பாலம் இல்லை. டச்சிலும் ஆஃப்ரிகான்ஸிலும் அந்தச் சொல்லுக்குப் பொருள் ஆட்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்க்கும் தட்டைப் படகு. 'டிரிஃப்ட்' என்றால் ஆற்றில் இறங்கிக் கடக்கும் துறை. பிரெஞ்சுச் சொல்லும் இந்த டச்சுச் சொல்லும் ஒரே லத்தீன் தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான், ஆனால் ஒன்று கல்லாகி நின்றது, மற்றது தண்ணீரில் மிதந்தது. அந்த லத்தீன் சொல்லுக்கும் வடமொழியில் வழி என்று பொருள்படும் 'பந்த்' என்ற சொல்லுக்கும் உறவு உண்டு. கபீர் பந்த் என்கிறோமே, அதே பந்த். ஆதியில் பொருள் 'கடந்து போகும் வழி' என்பதுதான் என்று வைத்துக்கொண்டால் படகும் பாலமும் ஒரே சொல்லில் பிறந்தது விளங்கும்.

நம் தீவில் பாலப் பெயர்கள் மூன்று வகை. பாலத்தின் தோற்றத்தைச் சொல்பவை ஒன்று: ஃபீனிக்ஸில் பஸ் கண்டக்டர் கூவும் போன் ஃபேர், இரும்புப் பாலம். அது ரயில் காலத்துப் பெயர், அந்தப் பழைய ரயில் நின்று அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. 1864-இல் ஓடத் தொடங்கியது, பயணிகள் வண்டி 1956-லும் சரக்கு வண்டி 1964-லும் நின்றன. இன்று அங்கே கான்கிரீட் மேம்பாலங்கள்தான் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. இரும்பு பெயரில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. ஆளின் பெயர் தாங்கியவை இன்னொன்று: போன் லார்டியே, அப்புறம் மாஎபூரையும் வீல் நுவாரையும் இணைக்கும் கேவென்டிஷ் பாலம், 1904 முதல் 1911 வரை ஆளுநராக இருந்த கேவென்டிஷ் பாயிலின் பெயர். மூன்றாவது, மனிதக் கை படாத பாலங்கள். தெற்குக் கடற்கரையில் அலை அரித்து எரிமலைப் பாறையில் வளைவாக நிற்கும் போன் நாத்யுரேல், வடகிழக்கில் எரிமலைக் குழம்பு விட்டுப்போன குகையான போன் போன் தியே, அதாவது ஆண்டவன் பாலம்.

தமிழுக்கு வருவோம். பாலத்தில் பிறந்த குடும்பப் பெயர் நம்மிடம் ஏன் தட்டுப்படவில்லை? நமக்குக் குடும்பப் பெயர் என்ற ஏற்பாடே அண்மைக் காலம்வரை கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, சில இடங்களில் ஊர்ப் பெயரின் முதலெழுத்து, அதன் பிறகு தன் பெயர், அவ்வளவுதான். கப்பலேறி இங்கே வந்த பிறகு, ஒரு தாத்தாவின் சொந்தப் பெயரை எழுத்தர் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதினார். அது அங்கேயே உறைந்துவிட்டது. ஆகவே இங்கே உள்ள தமிழ்க் குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் ஒரு குழந்தையைத் தொட்டிலில் போட்டுக் கூப்பிட்ட பெயர்கள். குழந்தைக்குச் சாமி பெயர் வைப்போம், பாட்டன் பெயர் வைப்போம், திருஷ்டி படாமல் இருக்கக் குப்பன் என்றுகூட வைப்போம். ஆற்றுப் பாலத்தின் பெயரை யாரும் வைப்பதில்லை.

ஊர்ப் பெயர்களிலும் பாலம் குறைவு. திருச்சியில் பாலக்கரை இருக்கிறது. ஆனால் துறை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்: மயிலாடுதுறை, திருவாவடுதுறை, திருப்பெருந்துறை. காவிரியையும் அதன் கிளைகளையும் மக்கள் காலங்காலமாக இறங்கிக் கடந்தார்கள், பரிசலிலும் ஓடத்திலும் கடந்தார்கள். கடக்கும் இடத்துக்குப் பெயர் துறை. ஆங்கிலேயரின் ஃபோர்டும் ஜெர்மானியரின் ஃபுர்ட்டும் ஊர்ப் பெயரில் செய்யும் வேலையை நம்மிடம் துறை செய்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய நம் போர்ட் லூயியின் 'அப்ரவாசி காட்' என்ற பெயரில் உள்ள 'காட்' என்பதும் துறைதான். அந்தப் படிகளில் இறங்கியவர்கள் தமிழில் சொல்லியிருந்தால் அது குடியேறிகள் துறை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இங்கே குடும்பப் பெயராக இருக்கும் 'துரை' சின்ன ர போட்டது. அதற்குப் பொருள் தலைவன். ஆற்றுத் துறைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

ஆனால் ஒரே ஒரு பாலம் நம் பெயர்களுக்குள் நன்றாகவே நுழைந்திருக்கிறது. அதன் பெயர் சேது. கட்டுவது என்ற வடமொழி வேரில் பிறந்த சொல். அணை, கரை, பாலம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ராமன் இலங்கைக்குக் கட்டியதாகச் சொல்லும் அணை அது, தமிழில் திருவணை. ராமேசுவரம் போய் சேதுவில் நீராடிவிட்டு வந்து, பிறந்த பிள்ளைக்குச் சேது, சேதுராமன், சேதுலட்சுமி என்று பெயர் வைப்பது தென்மாவட்டங்களில் பழைய வழக்கம். ராமநாதபுரத்து மன்னர்கள் சேதுபதிகள், சேதுவின் காவலர்கள். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தங்கள் காசில் நந்தியைப் பொறித்து அதன் அருகே 'சேது' என்று தமிழில் எழுதினார்கள். தமிழ்நாட்டு ஊர்ப் பெயர்களை ஆராய்ந்த பேராசிரியர் ரா. பி. சேதுப்பிள்ளையின் பெயரிலும் அது இருக்கிறது. உங்களுக்குப் பாலப் பெயர் கொண்ட தமிழரைத் தேட ஆசையிருந்தால் இங்கே தேடுங்கள். கல்லும் மரமுமாக ஊர்ப்புறத்து ஆற்றில் நின்ற பாலம் தொட்டிலுக்கு வரவில்லை. நீராடப் போன இடத்திலிருந்த பாலம் வந்தது.

எழுத்தர் காதும் ஊரார் வாயும் சேர்ந்தால் பெயருக்கு என்ன ஆகும் என்பதற்குச் சென்னையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மெரினா பக்கமிருந்து மயிலாப்பூர் போகும் வழியில் பக்கிங்காம் கால்வாயின் மேல் ஒரு பாலம். வெள்ளைக்காரர் வைத்த பெயர் ஹாமில்டன் பாலம். ஊரார் வாயில் ஹாமில்டன் 'அம்பட்டன்' ஆனது. பாலத்துக்கு அந்த ஊரில் வழங்கிய தெலுங்கு வழிச் சொல் வாராவதி. ஆக, அம்பட்டன் வாராவதி. பிறகு வந்த ஆங்கிலேயர் அதன் பொருளைக் கேட்டு, மறுபடி ஆங்கிலத்தில் பெயர்த்து, நாவிதர் பாலம் என்றே எழுதினார்கள். அங்கே எந்த நாவிதரும் பாலம் கட்டவில்லை. இன்று அது அம்பேத்கர் பாலம். சைதாப்பேட்டையிலும் இப்படி ஒன்று உண்டு. அடையாற்றின் மேல் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் 1726-இல் தன் பணத்தில் கட்டிய பாலம், பக்கத்து மாம்பலத்தின் பெயரால் வழங்கியது. அந்நியர் வாயில் மாம்பலம் 'மர்மலாங்' ஆயிற்று. பின்னாளில் மறைமலையடிகள் பெயர் சூட்டினார்கள். மாம்பலத்தில் வரும் பலமும் உங்கள் பெயரில் வரும் பலமும் பாலம் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெல்லியில் விமான நிலையம் இருக்கும் 'பாலம்' என்ற ஊருக்கும் நம் தமிழ்ச் சொல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பாலாறு பால் போன்ற ஆறு. பெயரில் ஒலி ஒத்துப்போவது தேடத் தொடங்க ஒரு காரணம், அவ்வளவுதான். அது சான்று ஆகாது.

இனி ஆயா சொன்னது. தயவுசெய்து அதைத் தள்ளிவிடாதீர்கள். பெயர் பாலத்திலிருந்து வரவில்லை என்பதால், வீடு பாலத்தருகே இல்லை என்று ஆகிவிடாது. ஃப்ளாக் பக்கம் ஆறும் ஓடையும் நிறைய. கரும்புத் தோட்ட முகாம்கள் தண்ணீரை ஒட்டித்தான் இருந்தன. அவர்கள் நினைவில் வைத்திருப்பது வீடு இருந்த இடத்தை. அது உண்மையாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. எந்தப் பாலம், ஆற்றின் எந்தக் கரை, பக்கத்தில் எந்தத் தோட்டம், கோயில் எந்தப் பக்கம் என்று உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். தோட்டத்தின் பெயர் கிடைத்தால் பதிவேட்டில் தேட அதுவே கைப்பிடி.

பெயரை வைத்து நான் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. உங்கள் முன்னோர் சிதம்பரத்துக்காரர் என்று பொன்னம்பலம் என்ற பெயர் நிரூபிக்காது. சிதம்பரத்தை நினைத்துப் பிள்ளைக்குப் பெயர் வைத்தவர்கள் தமிழ்நாடு முழுவதும், யாழ்ப்பாணத்திலும் இருந்தார்கள். சைவக் குடும்பம் என்று ஊகிக்கலாம், அதற்கு மேல் போக வேண்டாம். ஊர் தெரிய வேண்டுமானால் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கும் குடியேறிகள் பதிவேடுதான் வழி. 1834-க்குப் பிறகு ஒப்பந்தத்தில் வந்தவராக இருந்தால் அதில் இருக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கொத்தனாராகவோ தச்சராகவோ வந்த குடும்பமென்றால் அங்கே கிடைக்காது, அதற்கு முந்தைய ஆவணங்களைப் பார்க்க வேண்டியிருக்கும்.

போகும் முன் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று பிறப்பு, திருமணச் சான்றுகளைப் பின்னோக்கி வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தலைமுறையில் பொன்னம்பலம் ஓர் ஆளின் சொந்தப் பெயராக நிற்கிறது, எந்தத் தலைமுறையில் அது குடும்பப் பெயர் கட்டத்துக்கு மாறுகிறது என்று பாருங்கள். அந்த மாற்றம் நடந்த இடத்தில் உங்கள் முதல் பொன்னம்பலம் இருப்பார். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ஊரும் மாவட்டமும் எழுதியிருந்தால், எழுத்து எவ்வளவு கோணலாக இருந்தாலும் நீங்களாகத் திருத்தாமல் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டு வந்து இங்கே போடுங்கள். சத்தமாகப் படித்துப் பார்ப்போம். பல ஊர்கள் எனக்கு அப்படித்தான் பிடிபட்டிருக்கின்றன, கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரியும்.